காச போடுறதுக்கு முதல் ஒரு சப்கிராஃப் எழுதுங்க: கொழும்பில இருந்து த கிராஃப் நெட்வேர்க்ல சேர்றது எப்பிடி

"ஒரு நோட் ஓட்டினா மாசம் எவ்வளவு வரும்?" த கிராஃப் எண்ட ப்ளொக்செயின் டேட்டா நெட்வேர்க்குக்கு கன பேர் இந்தக் கேள்வியோட தான் வாறாங்க. நோட் எண்டா நெட்வேர்க்ல சேர்ந்து ஓடுற சேர்வர். அந்த நோட் என்ன வேலை செய்யுது எண்டு தெரியுமா எண்டு திருப்பிக் கேட்டா பேச்சு நிண்டுடும். அதால வருமானக் கதைய கொஞ்சம் தள்ளி வச்சிட்டு வேலைல இருந்து தொடங்குவம். கொழும்பில இருக்கிற ஒராளுக்கு இந்த நெட்வேர்க்குக்குள்ள போக லேசான வாசல் டோக்கன் வாங்கிறது இல்ல, சப்கிராஃப் எழுதப் பழகிறது தான். சப்கிராஃப் எண்டது ப்ளொக்செயின்ல இருந்து எந்த டேட்டாவ எடுத்து எப்பிடி அடுக்கிறது எண்டு சொல்ற சின்ன புரோகிராம். ஏன் எண்டு போகப் போக விளங்கும்.

அந்த நோட் செய்யிற வேலைக்குப் பேர் இன்டெக்ஸிங். முதல்ல அது எதுக்கு? ப்ளொக்செயின் எண்டது புறக்கோட்டை நாலாம் குறுக்குத்தெரு மொத்தக் கடைல எழுதுற நாளேடு மாதிரி. யார் சாமான் எடுத்தாங்க, யார் காசு கட்டினாங்க எண்டு எல்லாம் நேர வரிசைல இருக்கும், ஒரு வரியையும் அழிக்க ஏலாது. ஆனா வவுனியாக் கடைக்காரர் போன வருசம் முழுக்க எவ்வளவு எடுத்தார், இன்னும் எவ்வளவு பாக்கி எண்டு கேட்டா நாளேட்ட முதல் பக்கத்தில இருந்து புரட்டணும், அதுக்குத் தான் ஆளுக்கொரு பக்கம் போட்டு பேரேடு எழுதி வைக்கிறது. இன்டெக்ஸர் செய்யிறது அந்தப் பேரேட்டு வேலை.

இத்தீரியம் எண்ட ப்ளொக்செயின் 2015 ஜூலைல இருந்து ஓடுது, 2022 செப்டம்பர்ல மேர்ஜ் எண்ட பெரிய மாற்றம் நடந்த பிறகு 12 செக்கனுக்கு ஒரு ப்ளொக் கணக்கில கூடிக்கொண்டே போகுது. ஒரு கொன்ட்ராக்ட்ல (ப்ளொக்செயின்ல ஓடுற புரோகிராம்) ஏதும் நடந்தா அது ஈவென்ட் எண்டு ஒரு லொக்க (பதிவு) விட்டுட்டுப் போகும், டோக்கன் கைமாறினா டிரான்ஸ்ஃபர் ஈவென்ட், அதில அனுப்பினவர், வாங்கினவர், தொகை எண்டு மூண்டு விசயம் தான் இருக்கும். இந்த டோக்கன ஆகக் கூட வச்சிருக்கிற பத்துப் பேர் யார் எண்டு ஆர்பிசி நோட் (ப்ளொக்செயின் டேட்டாவக் கேட்டு எடுக்கிற சேர்வர்) ஒண்டிட்ட நேர கேக்க ஏலாது, அதுக்கு அப்பிடி ஒரு கேள்வியே தெரியாது. லொக் எல்லாத்தையும் எடுத்து, கூட்டிக் கழிச்சு, டேட்டாபேஸ்ல போட்டு வச்சா தான் கேக்கலாம். ஒவ்வொரு ஆப் கம்பனியும் இத தன்ர சேர்வர்ல தானே செய்தா, அந்த சேர்வர் சொல்றத தான் எல்லாரும் நம்பணும், சேர்வர் விழுந்தா ஆப்பும் விழும். இந்த வேலைய பல பேருக்குப் பிரிச்சுக் குடுத்து, பிழையாச் சொன்னா அவங்க பிணையா வச்ச டோக்கன்ல (ஸ்டேக்) கை வைக்கிற மாதிரி செய்தது தான் த கிராஃப். யானிவ் டால், யானிஸ் போல்மன், பிரண்டன் ரமிரெஸ் மூண்டு பேரும் 2018ல தொடங்கினது, மெயின்நெட் (உண்மையான டோக்கன் ஓடுற நெட்வேர்க்) வந்தது 2020 டிசம்பர்ல. கம்பனியே இலவசமா ஓட்டின ஹோஸ்டட் சேர்விஸ் 2024 ஜூன்ல மூடியாச்சு, இப்ப எல்லாம் நெட்வேர்க் வழியா தான். ஸ்டேக்கிங், ரிவோர்ட் எல்லாம் இத்தீரியம் மெயின்நெட்ல இருந்து அதுக்கு மேல ஓடுற ஆர்பிட்ரம் வண் எண்ட செயினுக்கு மாறினதால காஸ் எண்ட டிரான்ஸாக்ஷன் கட்டணமும் நல்லாக் குறைஞ்சிட்டுது.

இதில நாலு வேசம் இருக்கு. சப்கிராஃப் எழுதுற டெவலப்பர், சேர்வர் ஓட்டுற இன்டெக்ஸர், இந்த சப்கிராஃப் நல்லது எண்டு நெட்வேர்க்கின்ட ஜிஆர்டி டோக்கனால சிக்னல் குடுக்கிற கியூரேட்டர், தன்ர டோக்கன இன்டெக்ஸர் ஒருத்தர நம்பி ஒப்படைக்கிற டெலிகேட்டர். இன்டெக்ஸர் ஆகணும் எண்டா ஆகக் குறைஞ்சது 1,00,000 ஜிஆர்டி சொந்தமா ஸ்டேக் பண்ணணும், அதுக்கு மேல சேர்வர் செலவு வேற. மற்ற ரெண்டுக்கும் கொஞ்சமாவது டோக்கன் வேணும். டெவலப்பருக்கு மட்டும் தொடங்கிறதுக்கு ஒரு சதமும் தேவையில்ல.

இங்க தான் நம்மட நாட்டு நிலைமை வருது. வெளிநாட்டு யூடியூப்காரர் எக்ஸ்சேஞ்ச்ல கார்ட்டப் போட்டு வாங்குங்க எண்டு சொல்லிட்டுப் போயிடுவார். இலங்கை மத்திய வங்கி கிரிப்டோவப் பற்றி திரும்பத் திரும்ப எச்சரிக்கை விட்டிருக்கு, இது சட்டபூர்வமான நாணயம் இல்ல எண்டும் சொல்லியிருக்கு. 2017ம் ஆண்டு 12ம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்குக் கீழ 2021ல வந்த பணிப்புரைப்படி கிரெடிட் கார்ட், டெபிட் கார்ட்டால மெய்நிகர் நாணயத்துக்கு காசு கட்ட அனுமதி இல்ல. கார்ட் வேலை செய்யலையே எண்டு பேங்க் ஹொட்லைனுக்கு எடுத்து அந்தப் பிள்ளையோட சண்டை பிடிச்சுப் பிரயோசனம் இல்ல, அவங்க கையில இல்லாத விசயம். பியர் டு பியர் எண்டு முகம் தெரியாத ஆளுக்கு பேங்க்ல காசு போடுறவங்களும் இருக்காங்க. அந்தக் காசு எங்க இருந்து வந்த காசு எண்டு நாளைக்கு பேங்க் உங்களிட்ட தான் கேக்கும், அத யோசிச்சுக்கொள்ளுங்க.

அதால வரிசை இப்பிடி: முதல்ல வீட்டில ஒரு கிராஃப் நோட் ஓட்டுங்க, பிறகு ஒரு சப்கிராஃப் எழுதுங்க, பிறகு நெட்வேர்க்ல வெளியிடுங்க. டெலிகேஷன், இன்டெக்ஸர் எல்லாம் அதுக்கும் பிறகு.

வீட்டில கிராஃப் நோட்

பழகிறதுக்கு 16 ஜிபி ரேம் இருக்கிற லெப்டொப் காணும். 8 ஜிபியிலயும் ஓடும், ஆனா பக்கத்தில குரோம் திறந்தீங்களெண்டா ஃபேன் சத்தத்தில வீட்டுக்காரர் எழும்பிடுவாங்க. டிஸ்க் மட்டும் எஸ்எஸ்டியா இருக்கட்டும், என்விஎம்இ எண்டா இன்னும் நல்லம். பழைய மெசின் எண்டா பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசால ஒரு ரவுண்ட் போய் ரெண்டு மூண்டு கடைல விலை கேட்டு எடுங்க, வாரண்டி ஸ்டிக்கரப் பாத்து எடுங்க. சுழல்ற ஹார்ட் டிஸ்க்ல இத ஓட்ட நினைக்க வேணாம், போஸ்ட்கிரெஸ் எழுதுற எழுத்துக்கு அது மூச்சு வாங்கும்.

மூண்டு சாமான் ஓடணும்: கிராஃப் நோட் (ரஸ்ட்ல எழுதினது, வேலை முழுக்க இதில தான்), போஸ்ட்கிரெஸ் (டேட்டா இருக்கிற இடம்), ஐபிஎஃப்எஸ் (சப்கிராஃப் ஃபைல்கள் இருக்கிற இடம்). கிராஃப் நோட் ரெப்போக்குள்ள டொக்கர் எண்ட ஃபோல்டர்ல ஒரு கொம்போஸ் ஃபைல் இருக்கு, டொக்கர் எண்ட டூல் அத வாசிச்சு மூண்டையும் எழுப்பி விடும். நீங்க மாத்த வேண்டியது இத்தீரியம் எண்டு இருக்கிற வரி மட்டும் தான். அதில முதல்ல செயின்ட பேர், ஒரு முக்காற்புள்ளி, பிறகு ஆர்பிசி லிங்க். பழகிறதுக்கு செப்போலியா எண்ட டெஸ்ட்நெட் (பழகிப் பாக்கிற நெட்வேர்க்) எடுங்க, அங்க இருக்கிற ஈத்துக்கு (இத்தீரியத்தின்ட நாணயம்) பெறுமதி ஒண்டும் இல்ல, ஃபோசெட் எண்ட இணையத்தளங்கள்ல சும்மா கிடைக்கும், எதையும் உடைச்சுப் பாக்கலாம்.

போஸ்ட்கிரெஸ்ஸ டொக்கர் இல்லாம நீங்களே நிறுவினீங்களெண்டா ஒரு இடத்தில கவனம். டேட்டாபேஸ உருவாக்கேக்கயே லொக்கேல் சி, என்கோடிங் யுடிஎஃப்-8 எண்டு குடுத்தே ஆகணும், இல்லாட்டி கிராஃப் நோட் எழும்பேக்கயே சண்டை பிடிக்கும். பிறகு மாத்துற செட்டிங் இல்ல இது, டேட்டாபேஸ திரும்ப முதல்ல இருந்து உருவாக்கணும். கொம்போஸ் ஃபைல்ல இது ஏற்கனவே சரியா இருக்கு.

ஆர்பிசி தான் அடுத்த தலையிடி. இலவச ஆர்பிசி குடுக்கிற கம்பனிகள் கனக்க இருக்கு, எல்லாத்திலயும் ஒரு செக்கனுக்கு இத்தனை ரிக்வெஸ்ட், ஒரு தரத்துக்கு இத்தனை ப்ளொக் எண்டு லிமிட் இருக்கும். லொக்ல 429 எண்டு தொடர்ந்து வந்தா உங்கட கோட்ல பிழை இல்ல, லிமிட் தாண்டிட்டீங்க, அவ்வளவு தான். ஆர்கைவ் நோட் (பழைய ப்ளொக் ஒவ்வொண்டிலயும் இருந்த நிலைமைய வச்சிருக்கிற நோட்) வேணுமா எண்டு கேப்பாங்க. ஈவென்ட மட்டும் வாசிக்கிற சப்கிராஃபுக்கு வேணாம். பழைய ப்ளொக்ல கொன்ட்ராக்ட்ட நிலைமை என்ன எண்டு கோல் பண்ணிக் கேக்கிற சப்கிராஃபுக்கு கட்டாயம் வேணும். சொந்தமா ஆர்கைவ் நோட் ஓட்டுறது எண்டா சில டெராபைட் டிஸ்க், அத இப்ப யோசிக்காதீங்க.

போர்ட்கள்: 8000 கேள்வி கேக்க, 8020 சப்கிராஃப ஏத்த, 8030 எவ்வளவு தூரம் ஓடியிருக்கு எண்டு பாக்க, 8040 புரொமிதியஸ் எண்ட கண்காணிப்பு டூலுக்கான மெட்ரிக்ஸ். இதில 8020 மட்டும் எந்தக் காலத்திலயும் வெளி இன்டர்நெட்டுக்கு திறந்திருக்கக் கூடாது, அது அட்மின் கதவு, யாரும் வந்து ஏத்தலாம், அழிக்கலாம். வாடகை சேர்வர்ல டொக்கர் போடுறவங்க இன்னும் கவனம், டொக்கர் திறக்கிற போர்ட் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வோல தாண்டிப் போயிடும். பூட்டியாச்சு எண்டு நீங்க நினைப்பீங்க, அது திறந்து கிடக்கும். லோக்கல்ஹோஸ்ட் 127.0.0.1 க்கு கட்டி விடுங்க.

கரண்ட் விசயம் சொல்லாம விட ஏலாது. 2022ல ஒவ்வொரு நாளும் மணித்தியாலக் கணக்கில இருட்டில இருந்த நாடு, 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உப மின்நிலையத்தில ஒரு குரங்கு பாய்ஞ்சதால நாடு முழுக்க கரண்ட் போச்சு எண்டு அமைச்சரே சொன்னார். ஒரு யுபிஎஸ் வாங்கி மெசினையும் ரவுட்டரையும் அதில போடுங்க. திடீரெண்டு நிண்டாலும் போஸ்ட்கிரெஸ் தானா மீண்டு வரும், கிராஃப் நோட் விட்ட ப்ளொக்ல இருந்து தொடரும், பயப்பிட ஒண்டும் இல்ல. ஆனா வேகமா ஓடும் எண்டு எங்கயாவது வாசிச்சிட்டு எஃப்சிங்க (எழுதினது டிஸ்க்ல போய்ச் சேர்ந்ததா எண்டு போஸ்ட்கிரெஸ் உறுதிப்படுத்திற செட்டிங்) ஒஃப் பண்ணி வச்சிருந்தீங்களெண்டா கரண்ட் போற அண்டைக்கு டேட்டாபேஸ் முழுக்க போகலாம். இந்த ஊர்ல அந்த செட்டிங்ல கை வைக்க வேணாம். இன்டர்நெட் பெக்கேஜ் லிமிட் உள்ளதெண்டா முதல் நாள் மீற்றரப் பாத்துக்கொள்ளுங்க, சிங்க் ஆகேக்க (பழைய ப்ளொக்கெல்லாம் வாசிச்சு முடிக்கேக்க) டேட்டா இழுக்கும்.

முதல் சப்கிராஃப்

சப்கிராஃப் எண்டா மூண்டு ஃபைல். ஸ்கீமால என்ன என்ன டேபிள் வேணும் எண்டு எழுதுறது, மேனிஃபெஸ்ட்ல எந்த கொன்ட்ராக்ட், எந்த ஈவென்ட், எந்த ப்ளொக்ல இருந்து எண்டு எழுதுறது, மேப்பிங்ல ஈவென்ட் வந்தா என்ன செய்யணும் எண்டு எழுதுறது. மேப்பிங் அசெம்ப்ளிஸ்கிரிப்ட் மொழில, பாக்க டைப்ஸ்கிரிப்ட் மாதிரியே இருக்கும், ஆனா டைப்ஸ்கிரிப்ட் எண்டு நினைச்சு எழுதப் போனா குளோஷர் இல்ல, நல் எண்ட வெற்றுப் பெறுமதி வந்தா கோவிக்கும், முதல் கிழமை கொஞ்சம் எரிச்சல் தான். கமாண்ட் வரிசை: கிராஃப் இனிட், கிராஃப் கோட்ஜென், கிராஃப் பில்ட், லோக்கல் நோட்டுக்கு எண்டா கிராஃப் கிரியேட், கடைசியா கிராஃப் டிப்ளோய். ஸ்கீமாவத் தொட்டா கோட்ஜென் திரும்ப ஓட்டணும், புதுசா வாறவங்க மறக்கிறது இத தான்.

செப்போலியால ஒரு சின்ன இஆர்சி-20 (இத்தீரியத்தில டோக்கனுக்கான பொது வடிவம்) டோக்கன் நீங்களே போடுங்க, ரெண்டு மூண்டு வொலட்டுக்கு அனுப்பி விடுங்க, யாரிட்ட எவ்வளவு இருக்கு எண்டு காட்டுற சப்கிராஃப் எழுதுங்க. சின்ன வேலை தான், ஆனா பிழை விடுற இடம் முழுக்க இதுக்குள்ளயே இருக்கு.

ஸ்டார்ட் ப்ளொக்: குடுக்காட்டி நோட் பூச்சியத்தில இருந்து தொடங்கும், உங்கட கொன்ட்ராக்ட் நேத்துப் போட்டது எண்டாலும். கொன்ட்ராக்ட் எந்த ப்ளொக்ல பிறந்திச்சு எண்டு ஈத்தர்ஸ்கேன் எண்ட இணையத்தளத்தில அந்த டிரான்ஸாக்ஷனத் திறந்தாத் தெரியும், அந்த இலக்கத்த அப்பிடியே போடுங்க. ஒண்டு கூட்டிப் போட்டாலும் கதை கந்தல். டோக்கன் பிறக்கேக்க வாற மின்ட்டும் (புதுசா டோக்கன் உருவாக்கிறது) ஒரு டிரான்ஸ்ஃபர் ஈவென்ட் தான், பூச்சிய அட்ரஸ்ல இருந்து உங்களுக்கு வாறது. அத நோட் பாக்காட்டி உங்கட பேலன்ஸ் பூச்சியத்தில இருந்து தொடங்கும், நீங்க அடுத்தவருக்கு அனுப்பேக்க மைனசுக்குப் போகும். அதால ஒரு டோக்கன் சப்கிராஃப்ல யாருக்காவது மைனஸ் பேலன்ஸ் இருந்தா கோட்ட நோண்டுறதுக்கு முதல் ஸ்டார்ட் ப்ளொக்கப் பாருங்க. அது சரியா இருந்தா அடுத்து சந்தேகப்பட வேண்டியது ஈவென்ட் விடாமலே பேலன்ஸ மாத்துற டோக்கன். ரீபேஸ் டோக்கன் எண்டு சொல்றது அதத் தான், அதுக்கு இந்தக் கூட்டல் கழித்தல் சரிவராது.

ஐடி: ஒவ்வொரு டிரான்ஸ்ஃபரையும் தனித் தனியா சேமிக்கிறீங்களெண்டா டிரான்ஸாக்ஷன் ஹாஷ (அதின்ட அடையாள இலக்கம்) மட்டும் ஐடியா வைக்காதீங்க. ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள்ள பத்து டிரான்ஸ்ஃபர் இருக்கலாம், டெக்ஸ் எண்ட டோக்கன் மாத்துற ஆப்ல மாத்தினா சாதாரணமா அப்பிடித் தான் வரும், ஹாஷோட லொக் இன்டெக்ஸையும் சேருங்க. ஐடிய ஸ்ட்ரிங்கா வைக்காம பைட்ஸா வையுங்க, பிறகு மாறாத என்டிட்டி எண்டா இம்யூட்டபிள் எண்டு குறிச்சு விடுங்க, இந்த ரெண்டும் சிங்க் வேகத்த நல்லாவே கூட்டும். ஸ்ட்ரிங் ஐடில அட்ரஸ வச்சுட்டு ஈத்தர்ஸ்கேன்ல இருந்து கொப்பி பண்ணின பெரிய எழுத்து சின்ன எழுத்து கலந்த அட்ரஸால தேடினா ஒண்டும் வராது, சேமிச்சது முழுக்க சின்ன எழுத்தில இருக்கும்.

தசமம்: கன டோக்கனுக்கு 18 தசம தானம், ஆனா டொலர் டோக்கனான யுஎஸ்டிசிக்கு 6. எல்லாத்துக்கும் 18 எண்டு அடிச்சு விட்டீங்களெண்டா லட்சக் கணக்கான டொலர் சதத்துக்கும் கீழ போய் நிக்கும்.

மேப்பிங்குக்குள்ள இருந்து வெளி ஏபிஐ ஒண்டையும் கூப்பிட ஏலாது. டொலர்ட ரூபா விலைய எடுத்து பேலன்ஸ ரூபால காட்டுவம் எண்டு ஆசை வரும், அது ஆப் பக்கத்தில செய்யிற வேலை. காரணம் இருக்கு. இந்த சப்கிராஃப பத்து இன்டெக்ஸர் பத்து நாட்டில ஓட்டினாலும் பத்துப் பேரிட்டயும் ஒரே விடை வரணும், அப்ப தான் ஒவ்வொருத்தரும் குடுக்கிற ப்ரூஃப் ஒஃப் இன்டெக்ஸிங் (வேலைய சரியாச் செய்தன் எண்ட அத்தாட்சி) ஒத்துப் போகும். காலைல ஓட்டினவருக்கு ஒரு ரேட், பின்னேரம் ஓட்டினவருக்கு இன்னொரு ரேட் எண்டா யார் களவு செய்தது எண்டு கண்டுபிடிக்க ஏலாது. மேப்பிங்ல இருக்கிற கட்டுப்பாடு முக்கால்வாசிக்கும் காரணம் இது தான்.

கேள்வி கேக்கிறது கிராஃப்கியூஎல் எண்ட கேள்வி மொழில. ஒண்டும் சொல்லாட்டி 100 வரி தான் தரும், ஆகக் கூட 1,000 கேக்கலாம், ஸ்கிப் பண்ணிப் போறதுக்கு 5,000 வரை தான் இடம். பெரிய லிஸ்ட் வேணும் எண்டா ஸ்கிப்ப விட்டுட்டு, கடைசியா வந்த ஐடிக்கு மேல இருக்கிறதத் தா எண்டு கேட்டுக் கேட்டுப் போங்க. வேகமும் கூட, எல்லையும் இல்ல. எந்தக் கேள்வியோடயும் மெட்டா எண்ட புலத்தையும் சேர்த்துக் கேளுங்க, எந்த ப்ளொக் வரைக்கும் சிங்க் ஆகியிருக்கு, இன்டெக்ஸிங்ல பிழை வந்திச்சா எண்டு அதில தெரியும். பாதில நிண்டு போன சப்கிராஃப் பழைய டேட்டாவ சத்தமில்லாமத் தந்துகொண்டே இருக்கும், இத பாக்காம விட்டா உங்கட ஆப் நேத்தைய கணக்க இன்டைக்குக் காட்டும்.

நெட்வேர்க்ல வெளியிடுறது

லோக்கல்ல சரியா ஓடினா சப்கிராஃப் ஸ்டூடியோ எண்ட த கிராஃப் இணையத்தளத்துக்குப் போய் வொலட்டால உள்ள போங்க, அங்க ஏத்திப் பாக்கிறது இலவசம். நெட்வேர்க்ல வெளியிடுற பட்டன அமத்தேக்க ஆர்பிட்ரம் வண்ல ஒரு டிரான்ஸாக்ஷன் போகும், அதுக்கு கொஞ்சம் ஈத் காஸா வேணும். உங்கட சப்கிராஃப் ஒரு என்எஃப்டியா (உரிமையக் காட்டுற தனி டோக்கன்) உங்கட வொலட்டுக்கு வரும். அதால ஒஃபிஸ் வேலைக்கு எழுதினத சொந்த வொலட்ல வெளியிடாதீங்க, நாளைக்கு வேலை மாறினா அந்த என்எஃப்டிய ஒப்படைக்கச் சொல்லி இழுபறி வரும். கேக்கிறவங்களுக்கு ஏபிஐ கீ ஒண்டு எடுத்து எந்த டொமைன்ல இருந்து பாவிக்கலாம் எண்டு கட்டி வையுங்க. மாசத்துக்கு 1,00,000 கேள்வி இலவசத் திட்டத்தில இருக்கு, சின்ன ஆப்புக்கு அது தாராளம்.

வெளியிட்ட உடன இன்டெக்ஸர் எல்லாம் ஓடி வருவாங்க எண்டு நினைக்காதீங்க. ரிவோர்ட் எந்த சப்கிராஃபுக்கு எவ்வளவு போகும் எண்டது அதில இருக்கிற கியூரேஷன் சிக்னலப் பொறுத்தது. டொக்குமெண்டேஷன்ல இன்டெக்ஸர்கள வரவைக்க 3,000 ஜிஆர்டி சிக்னல் போடச் சொல்லியிருக்கு. சிக்னல் இல்லாத சப்கிராஃப அப்கிரேட் இன்டெக்ஸர் எண்டு ஒருத்தர் தாங்கிப் பிடிப்பார், போர்ட்ஃபோலியோக்கு அது காணும்.

போர்ட்ஃபோலியோ எண்டது சும்மா சொல்லல. இந்த வேலைக்கு வெளிநாட்டு கிளையன்ட் இருக்காங்க, டோக்கன் கையில தொடாமலே டொலர் பேங்குக்கு வாற வழி இது தான், அதுக்கு ஒரு கார்ட் தடையும் இல்ல. 2025 ஏப்ரல்ல இருந்து அந்த வருமானத்துக்கும் 15% வரை வரி இருக்கு, அதையும் சேர்த்து விலை சொல்லுங்க. ஆப் கம்பனிகளிட்ட கனக்க இருக்கிறது மெதுவா ஓடுற பழைய சப்கிராஃப். கோல் எல்லாத்தையும் ஈவென்ட்டா மாத்தி, பைட்ஸ் ஐடி போட்டு, தேவையில்லாத வரலாற்ற ப்ரூன் பண்ணிக் குடுத்தாலே அவங்க சந்தோசப்படுவாங்க.

டெலிகேஷன் கணக்கு

ஏற்கனவே ஜிஆர்டி வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும் இது, வாங்கச் சொல்லி நான் சொல்லேல்ல. இன்டெக்ஸர் லிஸ்ட்ல எல்லாரும் முதல்ல பாக்கிறது ரிவோர்ட் கட், இத்தனை வீதத்த இன்டெக்ஸர் எடுப்பார் எண்டு. அந்த எண்ண மட்டும் பாத்து ஏமாறாதீங்க. ஒரு இன்டெக்ஸர்ட சொந்த ஸ்டேக் 1,00,000, டெலிகேட்டர்கள் போட்டது 9,00,000 எண்டு வையுங்க. மொத்தத்தில 90% டெலிகேட்டர்ட காசு. கட் 10% எண்டா டெலிகேட்டர்களுக்கு ரிவோர்ட்ல 90% வருது, அவங்கட பங்கு அவங்களுக்கு முழுசா வந்திட்டுது, உண்மையில கட் பூச்சியம். கட் 20% எண்டா 90 வர வேண்டிய இடத்தில 80 வருது, உண்மையான கட் 11% சொச்சம். சொந்த ஸ்டேக் கூடின இன்டெக்ஸர்ட்ட அதே 20% இதவிடக் குறைய வலிக்கும். இத தான் எஃபெக்டிவ் கட் எண்டு சொல்றது, அத வச்சுத் தான் ஒப்பிடணும்.

அடுத்தது கொள்ளளவு. இன்டெக்ஸர் தன்ர ஸ்டேக்க மாதிரி 16 மடங்கு டெலிகேஷன் தான் பாவிக்கலாம். 1,00,000 வச்சிருக்கிறவரிட்ட 16,00,000 வரை. 24,00,000 வந்து குவிஞ்சிருந்தா மூண்டில ஒரு பங்கு சும்மா கிடக்கும், ஆனா வாற ரிவோர்ட் எல்லாருக்கும் சேர்த்துப் பிரியும். பேர் போன இன்டெக்ஸர் எண்டு எல்லாரும் ஓடிப் போற இடத்தில இத கட்டாயம் பாருங்க. நெட்வேர்க் தொடங்கின டிசைன்ல டெலிகேட் பண்ணேக்க 0.5% எரிஞ்சு (நிரந்தரமா அழிஞ்சு) போச்சு, 10,000 போட்டா 50 போச்சு, அதால இன்டெக்ஸர அடிக்கடி மாத்திறவங்க வரி கட்டியே முடிச்சாங்க. இந்த வீதம் எல்லாம் ஓட்டெடுப்பால மாறுற சாமான், போடுற அண்டைக்கு டொக்குமெண்டேஷன்ல பாருங்க.

டெலிகேட் பண்றவங்கள குறி வச்சு டெலிகிராம்ல வாற சப்போர்ட் ஆக்கள் அத்தனை பேரும் கள்ளர். சீட் ஃப்ரேஸ் (வொலட்டத் திறக்கிற இரகசியச் சொற்கள்) கேக்கிற யாரும் உதவிக்கு வந்தவர் இல்ல. மாசம் இத்தனை வீதம் நிச்சயம், ரெண்டு பேரச் சேர்த்தா போனஸ் எண்டு வெள்ளவத்தை ஹோல்ல கூட்டம் போட்டா அது இன்டெக்ஸிங் இல்ல, வங்கித்தொழில் சட்டத்தின்ட 83சி பிரிவு தடை செய்த பிரமிட். மாமா சொன்னார், சித்தி போட்டிட்டா எண்டாலும் தான்.

இன்டெக்ஸர் ஆகணும் எண்டா

இதுக்கு தனிய ஒரு கம்பனி நடத்துற மனசு வேணும். கிராஃப் நோட்டுக்கு மேல இன்டெக்ஸர் ஏஜென்ட், இன்டெக்ஸர் சேர்விஸ், டாப் ஏஜென்ட் எண்டு இன்னும் மூண்டு ஓடணும். ஏஜென்ட் தான் எந்த சப்கிராஃபுக்கு எவ்வளவு ஸ்டேக் ஒதுக்கிறது எண்டு பாக்கிறது, சேர்விஸ் 7600 போர்ட்ல காசு கட்டின கேள்விகளுக்கு விடை குடுக்கிறது, டாப் அந்த ரசீதுகளச் சேர்த்துக் காசாக்கிறது. டொக்குமெண்டேஷன்ல ஆகச் சின்ன செட்டப்பே போஸ்ட்கிரெஸ்ஸுக்கு 4 சிபியூ, 8 ஜிபி ரேம், 1 டெராபைட் எண்டு தொடங்குது, பெரிசு எண்டா 72 சிபியூ வரை போகுது. முதல்ல ஆர்பிட்ரம் செப்போலியால டெஸ்ட்நெட் இன்டெக்ஸரா முழு சுற்றும் ஓட்டிப் பாருங்க, ஒதுக்கி, மூடி, ப்ரூஃப் குடுத்து, எல்லாம்.

கொழும்பு வீட்டில வச்சு இத ஓட்ட ஏலுமா? ஓடும், ஆனா கேள்வி வராது. கேட்வே ஒவ்வொரு கேள்வியையும் யாருக்கு அனுப்புறது எண்டு பாக்கேக்க வேகம், எவ்வளவு புது ப்ளொக் வரை சிங்க், விலை, இதுக்கு முதல் எத்தனை தரம் சொதப்பினார் எல்லாம் கணக்கெடுக்கும். கடல் தாண்டிப் போய் வாற மில்லிசெக்கன்லயும் கரண்ட் கட்லயும் நீங்க தோப்பீங்க. ஐரோப்பா, அமெரிக்கா டேட்டாசென்டர்ல பெயார் மெட்டல் (முழு மெசினும் உங்களுக்கே எண்டு வாடகைக்கு வாற சேர்வர்) எடுத்து இங்க இருந்து பராமரிக்கிறது தான் நடைமுறை. எடுக்கிறதுக்கு முதல் ஹோஸ்டிங் கம்பனிட கண்டிஷன வாசியுங்க, சில இடத்தில கிரிப்டோ சம்பந்தமான நோட்டே தடை, ஒரு நாள் காலைல சேர்வர் இருக்காது.

சாவி விசயம்: ஸ்டேக் இருக்கிற வொலட் சேர்வர்ப் பக்கமே வரக்கூடாது, ஹார்ட்வெயார் வொலட்ல இல்லாட்டி மல்ட்டிசிக்ல (ஒண்டுக்கு மேற்பட்ட சாவி வேணும் எண்ட வொலட்) இருக்கட்டும். சேர்வர்ல இருக்கிறது ஒப்பரேட்டர் வொலட் மட்டும், அதால ஒதுக்கீடு செய்யலாம், ஸ்டேக்க வெளிய எடுக்க ஏலாது. சேர்வர யாரும் உடைச்சாலும் அவ்வளவோட நிக்கும். பிழையான ப்ரூஃப் குடுத்து யாரும் பிணக்கு எழுப்பி அது நிரூபணமானா ஸ்டேக்ல வெட்டு விழும். தொடக்க டிசைன்ல 2.5%, அதில பாதி கண்டுபிடிச்சவருக்கு, மிச்சம் எரிப்பு. களவு செய்யாதவங்களுக்கும் இது வரலாம், கிராஃப் நோட் வேர்ஷன் பழசா இருந்தா, ஆர்பிசி ஒரு லொக்க விட்டுட்டுத் தந்திருந்தா உங்கட ப்ரூஃப் மற்றவங்களோட ஒத்துப் போகாது. அதால ஒதுக்கீட்ட மூடுறதுக்கு முதல் மற்ற இன்டெக்ஸர்கள்ட ப்ரூஃபோட ஒப்பிட்டுப் பாக்கிற டூல் ஒண்டு ஓடிக்கொண்டு இருக்கணும். ப்ரூஃப் குடுக்காம ஒதுக்கீட்ட 28 நாளுக்கு மேல இழுத்தா ரிவோர்ட் கையவிட்டுப் போகலாம்.

விலகிறதும் உடன நடக்காது. டெலிகேஷன திருப்பி எடுக்கிறம் எண்டு அமத்தினா 28 நாள் உறைஞ்சு கிடக்கும், அந்த நாளில ரிவோர்ட்டும் இல்ல, விலை விழுந்தாலும் விக்க ஏலாது. 28 நாள் முடிய டோக்கன் தானா வொலட்டுக்கு வராது, வித்ட்ரோ எண்டு ரெண்டாவது டிரான்ஸாக்ஷன் ஒண்டு நீங்களே போடணும், அதுக்கும் ஆர்பிட்ரம்ல கொஞ்சம் ஈத் மிச்சம் வச்சிருங்க.